கறிவேப்பிலையின் உத்தியோகபூர்வ வயது

தங்கச்சி, குறை நினைக்காமல் இந்தக் கிளையை மட்டும் ஒருக்கால் பிடியுங்கோ. பஸ் திரும்பும்போது உங்கள் மூக்கில் குத்திவிடும். நன்றி.

ஓம், கறிவேப்பிலைதான். சட்டை போட்டிருப்பதால் குழந்தை என்று நினைத்திருப்பீர்கள். ஏறும்போது சாரதியும் இரண்டு தரம் பார்த்தார். இது என் மனைவியின் குளிர்ச்சட்டை. கை இரண்டையும் பின்னால் முடிந்து, தொப்பியை உச்சி வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறேன். வெளியில் வெயில் எறிக்கிறது, எனக்கும் தெரிகிறது. ஆனால் நேற்று விடியற்காலை எத்தனை டிகிரி என்று பார்த்தீர்களா? சைபருக்குக் கீழே ஒன்று. அந்த ஒரு டிகிரியால்தான் நான் இன்றைக்கு இந்தக் கோலத்தில் பஸ்ஸில் இருக்கிறேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? நல்லது, எனக்கு மூன்று தரிப்புத் தள்ளி. நேரம் இருக்கிறது. இன்று விக்டோரியா நாள் விடுமுறை அல்லவா, ஸ்காபரோ முழுக்க பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்தான் ஓடும். எனக்கு ஒரு அவசரம் இருக்கிறது, மறைக்கவில்லை. என் மனைவி புனிதம் லண்டனில் மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று போய் மூன்று மாதம். இன்று பின்னேரம் வந்து இறங்குகிறாள். அவள் வீட்டுக்குள் காலை வைக்கும்போது இந்தக் கறிவேப்பிலை முன்சன்னலடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இருக்கத்தான் உங்களோடு கதைக்கிறேன்.

இதற்கு முதல் அங்கே நின்றது என் கவனக்குறைவால் பட்டுப்போனது என்று நினைக்காதேங்கோ. நான் முறைப்படி விக்டோரியா நாளுக்குத்தான் அதை வெளியில் வைத்தேன்.

பொறுங்கோ. இன்றுதானே விக்டோரியா நாள் என்று கேட்கிறீர்கள். எல்லாரும் இதையே கேட்கிறார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டும். குடியுரிமைப் பரீட்சைக்கு நான் வரிவரியாகப் பாடமாக்கிய பகுதி இது. பரீட்சையில் அதைக் கேட்கவே இல்லை. நான் எந்த மாகாணத்தில் இருக்கிறேன் என்று கேட்டார்கள். அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. விக்டோரியா மகாராணி பிறந்தது ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது, மே இருபத்துநான்கு. அவ உயிரோடு இருக்கும்போதே, நாற்பத்தைந்தாம் ஆண்டில், இங்கே அந்த நாளை விடுமுறை ஆக்கினார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்றில் அவ காலமானா. நாங்கள் என்றால் பிறந்தநாளை நிறுத்தித் திவசத்தைத் தொடங்குவோம். இவர்கள் விடுமுறையை விடவில்லை. பெயரை மாத்திரம் விக்டோரியா நாள் என்று போட்டுவிட்டு நடத்திக்கொண்டே போனார்கள். பிறகு ஐம்பத்திரண்டில் ஒரு சட்டம்: மே இருபத்தைந்துக்கு முன்னால் வருகிற திங்கட்கிழமை எதுவோ அதுதான் நாள். அதனால் சில வருடம் இருபத்துநான்கில் வரும், சில வருடம் பதினெட்டில் வரும். இந்த வருடம் பதினெட்டு. இதற்குமேல் முந்தி வர வழியே இல்லை. இது முதல் அநியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போதைய அரசர் பிறந்தது நவம்பரில். ஆனால் அவருடைய உத்தியோகபூர்வப் பிறந்தநாளையும் இங்கே இன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள். நவம்பரில் பிறந்த மனுஷனுக்கு மே மாதத்தில் பிறந்தநாள் வரலாம் என்றால், திங்கட்கிழமை வருகிற நாள் எனக்குச் சனிக்கிழமையே வந்ததில் என்ன பிழை? நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே பிழை என்று பிடிபடவில்லை.

ஓம், சனிக்கிழமைதான் வைத்தேன்.

எனக்கும் இந்த ராணிக்கும் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. இவவை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு மிஸிஸ் மக்ளீன். ஸ்கொட்லாந்து ஆட்கள். இப்போது எண்பத்துநான்கு வயது. நாங்கள் வீடு வாங்கிப் போன முதல் வருடம், ஏப்ரல் மாதம் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்தது. புனிதம் அப்போதுதான் வாங்கிய ஒரு சாண் கறிவேப்பிலைக் கன்றைப் பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மிஸிஸ் மக்ளீன் இரவுடுப்போடும் செருப்போடும் வேலியடிக்கு ஓடிவந்து கையை விரித்து மறித்தா. மகாராணியின் நாளுக்கு முன் எந்த இளஞ்செடியும் வெளியில் போகக் கூடாது, அதற்குப் பிறகு உறைபனி வராது என்று சொன்னா. இந்த ஊரில் தோட்டம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் பஞ்சாங்கம். மற்றவர்களுக்கு வாணவேடிக்கை. என் மகனைப் போன்றவர்களுக்கு ஏரிக்கரை வீடும் இருபத்துநான்கு பியர் உள்ள பெட்டியும். காரையும் அவன்தான் கொண்டு போய்விட்டான், அதனால்தான் பஸ்.

அன்றைக்குப் பிடித்தது புனிதத்துக்கு. பத்தொன்பது வருடம். ஒவ்வொரு விக்டோரியா நாளும் காலை ராகுகாலம் கழிய, தொட்டிக்குக் குங்குமம் வைத்துப் பின்வளவுக்குக் கொண்டு போவாள். மிஸிஸ் மக்ளீன் வேலிக்கு மேலால் ஒரு சின்னக் கொடி நீட்டுவா. அதைத் தொட்டி மண்ணில் குத்துவாள். பிறகு இரண்டு பேரும் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். பிரித்தானியக் கொடியும் குங்குமமுமாக நிற்கிற கறிவேப்பிலையை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று எனக்கு ஒருவரும் கொடி குத்தவில்லை.

பொறாமை என்று நினைக்காதேங்கோ. நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு செடியைப் பார்த்து ஐம்பத்தாறு வயது மனுஷன் பொறாமைப்படலாமா? படக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. முன்சன்னலடியில், இரண்டு அடிக்கு இரண்டு அடி. நவம்பரிலிருந்து மே வரைக்கும் அந்த இடம் இதற்கு. பத்தொன்பது குளிர்காலம் நான் நிழலில் இருந்து பேப்பர் படித்திருக்கிறேன்.

பெப்ரவரியில் புனிதம் வெளிக்கிடும்போது பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினாள். ஏழு வரி. முதலாவது, கறிவேப்பிலையை விக்டோரியா நாளுக்கு முதல் வெளியில் வைக்கக் கூடாது, அடிக்கோடு இரண்டு. பிறகு அதற்குத் தண்ணீர், அதற்குப் புளித்த மோர், அதைக் கிழமைக்கு ஒருக்கால் திருப்பி வைப்பது, அதன் இலையைக் கீழிருந்து பிடுங்குவது, ஞாயிற்றுக்கிழமை அதைப் படம் எடுத்து அனுப்புவது. ஏழாவது வரி: நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. அதற்கு ஆறு வரி, எனக்கு ஒன்று. அதுவும் கடைசியில்.

நான் ஏழையும் ஒழுங்காகச் செய்தேன். சித்திரை முழுக்கச் செய்தேன். பிறகு ஒரு சாய்கதிரை கிடைத்தது. எங்கள் தெருமுனையில் யாரோ எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வெளியில் வைத்திருந்தார்கள். நல்ல கதிரை, ஒரு பக்கம் மட்டும் சாயாது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் வைக்க இடம் இல்லை. முன்சன்னலடியில் மட்டும்தான் சரியாக இருந்தது. அதில் சாய்ந்தால் வெயில் காலில் விழும், டிவி நேரே தெரியும், சனிக்கிழமை காலை கிரிக்கெட்.

இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. கதிரையும் சனிக்கிழமையும் தற்செயலாக ஒன்றாக வந்தன.

நான் கண்மூடித்தனமாகச் செய்கிற ஆளும் இல்லை. எனக்கு இரண்டு ஆதாரம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை, பேக்கரியில் என்னோடு வேலை செய்கிறவர்களுடன் இந்த நீண்ட வார இறுதிக்கு மீன் பிடிக்கப் போனேன். வெளிக்கிடும் அவசரத்தில், நானும் வீட்டுக்கு ஒரு உதவி செய்வோம் என்று, சனிக்கிழமை காலையே கறிவேப்பிலையைத் தூக்கிப் பின்வளவு மூலையில் வைத்துவிட்டுப் போனேன். புனிதத்திடம் சொல்லவும் நேரம் இல்லை. திங்கட்கிழமை இரவு வந்து பார்க்கிறேன், ஒரு இலை வாடவில்லை. முன்னையைவிடப் பச்சையாக நின்றது. ஆறு வருடத்துக்கு முன் மொன்றியலில் ஒரு கலியாணம். அங்கே இந்த விடுமுறைக்கு ராணியின் பெயர் கிடையாது, வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், லீவை மட்டும் ஒழுங்காக எடுக்கிறார்கள். அந்தமுறையும் சனிக்கிழமை காலையில் வெளியே வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். வந்து பார்த்தால் அதே பச்சை. இரண்டு பரிசோதனை, இரண்டும் வெற்றி. விஞ்ஞான முறைப்படி இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆக, முந்தநாள் சனிக்கிழமை காலை தூக்கினேன். மிஸிஸ் மக்ளீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றா. அவவின் தக்காளிக் கன்றெல்லாம் இன்னும் வீட்டுக்குள்ளே, குசினிச் சன்னலில். என்னைப் பார்த்து, "குலம், இன்றைக்கு இன்னும் திங்கட்கிழமை ஆகவில்லையே" என்றா. என் முழுப் பெயர் தர்மகுலசிங்கம், அவவுக்குக் குலம் வரைக்கும்தான் வரும்.

நான் நவம்பர் அரசரின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டா. கேட்டுவிட்டு, "அரசரை உறைபனி பிடிக்காது. அவர் வீட்டுக்குள் இருக்கிறார்" என்றா. இரவு ஒரு படுக்கை விரிப்பாவது போட்டு மூடச் சொன்னா. நான் தலையை ஆட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கோ, மூடினால் என்ன அர்த்தம்? என் ஆதாரத்தை நானே நம்பவில்லை என்று அர்த்தம். மூடவில்லை.

ஞாயிறு காலை சன்னலால் பார்த்தேன். புல்லெல்லாம் வெள்ளை. கறிவேப்பிலை மட்டும் கறுப்பு. அவித்த தேயிலை போலத் தொங்குகிறது. அன்றைக்குப் படம் வேறு அனுப்ப வேண்டும்.

தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சாய்கதிரையில் இருத்தினேன். புனிதம் தலை காயவைக்கிற மெஷினை எடுத்து மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே சூடு பிடித்தேன். அரைமணி நேரம். பிறகு என் கம்பளி மேற்சட்டையைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இளஞ்சூட்டில் மோர் விட்டேன். கடைசியில் பக்கத்தில் இருந்து தேவாரமும் பாடினேன், அதைச் செய்ததற்கு என்ன விளக்கம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு இலை விழுந்தது. படத்துக்கு, போன மாதம் எடுத்த ஒன்றை அனுப்பினேன். அவள் ஒரு பூப் போட்டு மறுமொழி அனுப்பினாள். அந்தப் பூவைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பொய் சொல்லுகிற ஆள் இல்லை, தங்கச்சி, நான். முப்பது வருடத்தில் அவளுக்குச் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் இரண்டு இந்தக் கிழமை. ஒன்று அந்தப் படம். மற்றது, இன்றைக்கு எனக்குப் பேக்கரியில் வேலை, அதனால் விமான நிலையத்துக்கு வர முடியாது, உம்மட அண்ணா வருவார் என்றது.

பிறகு ஜெகதீசனுக்குப் போன் எடுத்தேன். பேக்கரியில் எனக்குப் பக்கத்து மேசை. என் சிநேகிதர் ஒருவருக்கு ஒரு பிரச்சினை, கறிவேப்பிலை பனியில் பட்டுவிட்டது, பெரிய மரமாக எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"உம்மட சிநேகிதருக்கு எத்தனை அடி வேணும்?" என்றான்.

ஐந்து என்றேன். ஒரு விலாசம் சொன்னான். மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில், சதானந்தம் அண்ணை என்று ஒருவர். பட்டதையும் கையோடு கொண்டு போகச் சொன்னான், பக்கக் கதவால் போகச் சொன்னான். காலையில் இதே சட்டைக்குள் பட்டுப்போனதை வைத்துக் கொண்டு போனேன்.

பேஸ்மென்ட் படியால் இறங்கினால், தங்கச்சி, நான் பார்த்த காட்சியை என்னவென்று சொல்ல. சுவரோரமாக ஆறு கதிரை. ஐந்தில் ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தொட்டி, பழைய சேலையால், துவாயால், மீன்கடைப் பையால் மூடியபடி. எல்லாரும் நிலத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் எங்கள் கோயில் நிர்வாகசபைத் தலைவர். நாற்பது வருடமாக மேடையில் பேசுகிறவர், என்னைக் கண்டதும் மீன்கடைப் பையைப் பார்த்துக்கொண்டு, ஊரில் இருந்து தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மீன் என்றார். நானும் ஓம் என்றேன். ஆறாவது கதிரையில் இருந்தேன். சுவரில் விக்டோரியா மகாராணியின் படம், அதற்கு மேலே ஒரு சின்ன மின்குமிழ். அவ யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

சதானந்தம் அண்ணைக்கு எழுபது இருக்கும். ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற வேலை. உள்ளறையில் நாற்பது கறிவேப்பிலை, நீல வெளிச்சத்தில், வரிசையாக. மற்றச் சுவர் முழுக்கப் படம். பென்சிலால் கீறிய கறிவேப்பிலைப் படங்கள். எத்தனை கிளை, எந்தப் பக்கம் சாய்வு, எந்த இடத்தில் வடு, எல்லாம் அளந்து போட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் தெருப் பெயர். பனியில் பட்ட மரத்தை அடியோடு வெட்டி வைத்தால் வேரிலிருந்து துளிர்க்குமாம். வளர்த்து, நூல் கட்டி வளைத்து, அந்த அந்த வீட்டுச் சாயலுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார். பட்டதைக் கொடுத்து நல்லதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு சதமும் வாங்கமாட்டார். இந்த வார இறுதிக்கு மட்டும் அவர் எங்கும் போகமாட்டார். "சனிக்கிழமை ஆக்கள் பொறுமை இழந்தால் திங்கட்கிழமை எனக்கு வேலை" என்றார்.

என் தொட்டியின் சேலையை, இல்லை, சட்டையை விலக்கினார். நகத்தால் அடித்தண்டைச் சுரண்டினார். "இது சாகேல்லை. அடியில பச்சை நிக்குது. விட்டிட்டுப் போம்" என்றார். பிறகு தண்டின் வளைவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் ஒரு படத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீர் புனிதவதியின்ர அவரோ?"

எப்படித் தெரியும் என்றேன்.

"இது இஞ்சை இருந்து போன மரம். ஆறு வருசம். மொன்றியல் கலியாணம்."

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொல்லுகிறார், நான் வாழ்க்கையில் நம்பிய இரண்டு ஆதாரமும் ஒவ்வொன்றாகச் சரிகிறது. முதல்முறை, நான் மீன் பிடிக்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய, புனிதம் கறுத்த மரத்தோடு டாக்ஸியில் இங்கே வந்திருக்கிறாள். ஒன்றைக் கொண்டு போயிருக்கிறாள். ஆறு வருடம் கழித்துத் திரும்ப வந்து இன்னொன்று. ஏன் புருஷனிடம் சொல்லவில்லை என்று இந்த மனுஷன் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"அவர் உதவி எண்டு நினைச்சு வச்சிட்டுப் போயிருக்கிறார். பட்டுப்போனது தெரிஞ்சால் ஒரு கிழமைக்குச் சாப்பிடமாட்டார். தெரிய வேண்டாம்."

பார்த்தீர்களா? என் சாப்பாட்டைச் சாட்டி என்னையே ஏமாற்றியிருக்கிறாள். பன்னிரண்டு வருடம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் சன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய், இதற்குப் பத்தொன்பது வயது என்று காட்டியிருக்கிறாள், போன வருடம் பதினெட்டு என்றாள், நானும் பக்கத்தில் நின்று ஓம் என்று தலையை ஆட்டியிருக்கிறேன். பத்தொன்பதாவது, மண்ணாவது. அது வந்து ஆறு வருடம். அரசருக்கு இரண்டு பிறந்தநாள் இருப்பதுபோல எங்கள் கறிவேப்பிலைக்கும் ஒரு உண்மை வயது, ஒரு உத்தியோகபூர்வ வயது. எனக்கு மட்டும் உத்தியோகபூர்வத்தைச் சொல்லியிருக்கிறாள்.

நீங்களும் யோசிக்கிறீர்கள். பரவாயில்லை. நானும் வருகிற வழியில் யோசித்தேன். ஏன் மறைத்தாள்? ஒன்று, மிஸிஸ் மக்ளீனுக்கு முன்னால் வெட்கம். இரண்டு, நான் பரிசோதனையில் வென்றது அவளுக்குப் பிடிக்கவில்லை, அல்லது தோற்றது. இல்லை, அது பொருந்தவில்லை. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க வேண்டும். கிட்டக் கிட்ட வருகிறது, பஸ் நிற்கும்போது விலகிப் போகிறது. இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நேரே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். பிறகுதான் விளங்கியது, கேட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். இப்படி ஒரு பிடி கையில் கிடைத்தும் அதைப் பிடிக்க முடியாமல் வேறு யாராவது இருந்திருப்பார்களா?

இதில் இன்னும் ஒரு விசேஷம் இருக்கிறது. சதானந்தம் அண்ணை உள்ளே போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொப்பியை விலக்கிக் காட்டுகிறேன், பாருங்கோ, இடப்பக்கச் சாய்வு, இரண்டு கிளை. இது எங்கள் வீட்டு முதல் மரம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் பனியில் விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனேனே, அதே மரம். அடியில் இருந்து துளிர்த்து வளர்ந்து நிற்கிறது. புனிதம் ஒரு சாணில் வாங்கியது. ஆக, இன்றையோடு அவள் சொல்லுகிற பத்தொன்பது உண்மையாகப் போகிறது. நான் ஒரு பொய்யை உண்மையாக்கிக்கொண்டு போகிறேன். அதை அவளிடம் சொல்லவும் முடியாது.

அந்த மனுஷனைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. வாய் திறக்காத ஆள். இந்தப் பேஸ்மென்டைத் தாண்டி ஒரு சொல் போகாது என்று மகாராணியின் படத்தைக் காட்டிச் சொன்னார். எதிலே போகிறீர் என்று கேட்டார், பஸ்ஸில் என்றேன், கவலைப்பட்டார். நான் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன், கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு ஒற்றை விரலால் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்போல.

ஒரு நிமிஷம். போன் அடிக்கிறது. அவள்தான். இன்னும் வானத்தில் அல்லவா இருக்க வேண்டும். கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கோ, கிளையை இல்லை, தொட்டியை.

சொல்லும், புனிதம்.

…முந்தி வந்திட்டுதோ. நல்லது, நல்லது. பெட்டியெல்லாம் வந்திட்டுதோ. அண்ணா நிக்கிறாரோ.

…நிக்குது. நல்லா நிக்குது.

…இல்லை, வெளியில வைக்கேல்லை. இண்டைக்குத்தானே விக்டோரியா நாள். உம்மட கையால வைக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன்.

…ஓம். ஓம். சரி. சாப்பிடுறன்.

…சரி, இருக்கமாட்டன். வைக்கிறன்.

கேட்டீர்களா? என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கோ. விமானம் இருபது நிமிஷம் முந்தி வந்துவிட்டது. ஆனால் அவளாகவே சொல்லுகிறாள், அண்ணாவை வழியில் ஒரு தேத்தண்ணிக்கு நிற்பாட்டச் சொல்லியிருக்கிறாளாம், நாலரைக்கு முதல் வீட்டுக்கு வரமாட்டார்களாம், அவசரப்படாமல் ஆறுதலாகப் போங்கோ என்கிறாள். அவளுக்கு வழியில் நின்று தேத்தண்ணி குடிக்கிற பழக்கமே இல்லை. லண்டன் மாற்றிவிட்டது.

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். "கதவடியில இருக்காதேங்கோ. ஒவ்வொரு தரிப்பிலயும் குளிர்காத்து அடிக்கும்."

நான் பஸ்ஸில் இருக்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. எஞ்சின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பாள், கெட்டிக்காரி. வேலை முடிந்து வருகிறேன் என்று நினைத்திருப்பாள். பாவம், ஒன்றும் தெரியாது. ஆனால் பாருங்கோ, தங்கச்சி, வந்து இறங்கியதும் கறிவேப்பிலையைக் கேட்டாள்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் முடிக்கும்போது என்னைத்தான் நினைத்திருக்கிறாள். எனக்குக் குளிர்காற்றுப் படக் கூடாதாம். ஏழாவது வரியில் இருந்தவன் நான்.

நீங்கள் கொஞ்சம் எழும்பினால் நான் உள்ளுக்கு வந்துவிடுவேன். சொல்லிவிட்டாளே, கேட்க வேண்டும். இது இந்தக் கதவடியிலேயே நிற்கட்டும், இதற்குச் சட்டை இருக்கிறது.

ஏன், நீங்கள் எதற்கு அதை இழுக்கிறீர்கள்? அவள் என்னைத்தானே சொன்னாள்.

சரி, சரி. மடியிலேயே வைக்கிறேன். முகத்தை அப்படிச் சுளிக்காதேங்கோ, நீங்களும் அவளைப்போலவே இருக்கிறீர்கள்.